பறவை தூங்கும் லென்ஸ்

ஜனவரி 10, வெள்ளி

புவியியல் நோட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கமிருந்து எழுதுகிறேன். முன்பக்கம் ஓமானின் மழையளவு. இந்தப் பக்கம் நான், ராயா. உம்மா நோட்டைக் கேட்டு வாங்கினாலும் மழையளவோடு நிறுத்திக்கொள்வாள். மழையளவைப் படித்துவிட்டு மேலே படிக்கிற ஆள் உலகத்தில் கிடையாது.

நேற்றுக் கல்யாணம் முடிந்து வந்த உம்மாவும் பத்ரியா சாச்சியும் இன்று மதியம் வரை தூங்கினார்கள். உம்மா பெண்கள் மட்டும் கூடும் கல்யாணங்களுக்குப் படம் எடுப்பவள். சாச்சி அவள் தங்கை, எங்களோடுதான் இருக்கிறாள். பகலில் பல் மருத்துவரிடம் வேலை, கல்யாணங்களில் விளக்குப் பிடிப்பாள், வாசலில் எல்லாருடைய ஃபோனையும் வாங்கிப் பையில் போடுவாள். வாப்பா தெற்கே துறைமுகத்தில் இருக்கிறார், மாதம் ஒருமுறை வருவார்.

சாச்சி எழுந்ததும் உம்மாவிடம் ஆரம்பித்தாள்: "அந்தப் பீரங்கியைத் தூக்கித் தூக்கி உனக்கு ஒரு பக்கத் தோள் எறங்கிப் போச்சு ஸுவைனா. இனிமே அபாயாவை ரெண்டு அளவுல தைக்கணும்."

பீரங்கி என்பது உம்மாவின் பழைய ஜூம் லென்ஸ். என் முழங்கை நீளம், தர்பூசணி கனம். தானாகவே ஃபோகஸ் செய்யும் ரகம்தான், ஆனால் எனக்கு மூன்று வயதாக இருக்கும்போது வாங்கியது, அப்போதே அது யாரோ பயன்படுத்தியது. உம்மா மணப்பெண்ணிடம் நெருங்கவே மாட்டாள். மண்டபத்தின் கடைசியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதிலிருந்து எடுப்பாள். பக்கத்தில் கேமரா வந்தால் முகம் மூடிக்கொள்ளும் என்பாள்.

அந்தப் பையை நான் தொடக்கூடாது. "உள்ள ஒரு பறவை தூங்குது, தொட்டா முழிச்சுக்கும்" என்று சின்ன வயதில் சொல்லி வைத்திருந்தாள். வளர்ந்த பிறகு சொன்ன காரணம் வேறு: "தலை மூடாம, மனசு விட்டு ஆடுற பொம்பளைங்களை என்னை நம்பித்தான் எடுக்க விடறாங்க. இந்தக் கேமராவுல என் கண்ணைத் தவிர வேற கண்ணு படாதுன்னு வாக்குக் குடுத்திருக்கேன்." கடைசிப் படம் எடுத்ததும் மெமரி கார்டைக் கழற்றி, எல்லார் முன்னாலும் மணப்பெண்ணின் உம்மா கையில் கொடுத்துவிடுவாள். வீட்டுக்கு ஒரு படமும் வராது. எங்கள் சீப் ஊர் முழுக்க அவளுக்குப் பெயர் இருப்பது அதனால்தான்.

ஜனவரி 17, வெள்ளி

போர்வைக்குள் ஒளிந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக வந்தால் அதனால்தான்.

பள்ளியில் "எங்கள் ஊர்ப் பறவைகள்" கண்காட்சிக்குப் படம் கேட்டிருந்தார்கள். என் ஃபோனில் எடுத்தால் கடற்காகம் எள்ளு மாதிரி விழுகிறது. உம்மாவும் சாச்சியும் காலையிலேயே யாருக்கோ பிறந்த குழந்தையைப் பார்க்க நிஸ்வா ஊருக்குப் போய்விட்டார்கள். பை அலமாரியில் இருந்தது. அவ்வளவுதான், வேறு காரணம் இல்லை.

என் பழைய கார்டைப் போட்டுக்கொண்டு, பள்ளிப் பையில் ஒளித்து, கடற்கரைக்கு நடந்தே போனேன். படகுகள் மீனோடு வந்திருந்தன. கடற்காகங்கள் கூட்டம் கூட்டமாக. லென்ஸை உயர்த்திப் பொத்தானை அழுத்தினால், மங்கலாக இருந்த வெள்ளை திடீரென்று ஒரு பறவையாகி என்னைப் பார்த்தது. பொத்தானிலிருந்து விரலை எடுக்கவேயில்லை. பன்னிரண்டு வருடமாக உம்மா இப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாளா?

பிறகு ஒரு அலை கொஞ்சம் பெரிதாக வந்தது. சாரல்தான். துடைத்துவிட்டேன். அடுத்த முறை அழுத்தினால் — கீ...ய்ங் என்று ஒரு சத்தம். மறுபடியும் அழுத்தினேன். கீ...ய்ங். கடற்காகமே திரும்பிப் பார்த்தது.

பறவை முழித்துக்கொண்டது. நான்தான் எழுப்பிவிட்டேன்.

ஜனவரி 18, சனி

உம்மா பையைத் திறக்கவில்லை. நான் சாப்பிடவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

இந்த லென்ஸின் பெயரை இணையத்தில் தேடினால் ஒரு பக்கம் கிடைத்தது. வைத்திருப்பவர்கள் மட்டும் கருத்து எழுதும் பக்கம். ஆங்கிலம்தான், அகராதியோடு முட்டி மோதிப் படிக்கிறேன். எத்தனை வருடமாக வைத்திருக்கிறீர்கள் என்று மேலே ஒரு கட்டம், எத்தனை நட்சத்திரம் என்று ஒரு கட்டம், பிறகு மனதில் உள்ளது.

என்னவெல்லாம் எழுதுகிறார்கள் — "நல்ல லென்ஸ். கனம். திருடனை அடிக்கவும் உதவும்." ரயில்களைப் படம் எடுக்கும் ஒருவர்: "என் முதுகுவலியும் இதுவும் ஒரே வயது. இரண்டையும் விட மனமில்லை." இன்னொருவர்: "மனைவி, லென்ஸ் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னாள். சில நாள் அவள் ஞாபகம் வரும்." வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அடுத்ததைப் படித்ததும் சிரிப்பு போய்விட்டது.

"கீச்சிட ஆரம்பித்தால் கதை முடிந்தது என்று அர்த்தம். என்னுடையது கீச்சிட்ட மூன்றாவது வாரம் செத்தது. என் தங்கையின் கல்யாணத்தன்று."

பிப்ரவரி 13 உம்மாவுக்குப் பெரிய கல்யாணம். உம்மாவுடன் படித்த உம்மு ஹமதின் மகள். அதற்காக வேறு இரண்டு வீட்டை வேண்டாம் என்றிருக்கிறாள். மூன்றாவது வாரம் என்றால் — பிப்ரவரி 7. நான்காவது வாரம் 14. நடுவில் 13.

ஜனவரி 22, புதன்

கேள்வி கேட்டுவிட்டேன். வைத்திருப்பவர் மட்டும்தான் எழுத முடியும் என்பதால் பொய் சொல்ல வேண்டியதாகிவிட்டது. எத்தனை வருடம் என்ற கட்டத்தில் "பன்னிரண்டு" என்று போட்டேன். "என் லென்ஸ் திடீரென்று கத்துகிறது. அது சாகுமா? எப்போது? தயவுசெய்து."

ஜனவரி 24, வெள்ளி

ஐந்து பதில்கள். "சாகும்." "சாகாது." "எல்லாரும் சாவோம் நண்பரே." பனிக்கட்டி மேல் ஆடும் ஆட்டங்களைப் படம் எடுக்கும் ஃபின்லாந்துக்காரர் ஒருவர், "பதினான்கு வருடமாகக் கத்துகிறது, என் முழங்காலும்தான், இரண்டோடும் படியேறுகிறேன்" என்கிறார். ரயில்காரர் பதில்தான் உருப்படியானது: சும்மா கிடந்தால் மோட்டார் இறுகிவிடும், தினமும் பத்து நிமிடம் ஃபோகஸை முன்னும் பின்னும் ஓட்டு, சத்தம் குறையும்.

தினமும் பத்து நிமிடம். எங்கே வைத்து? போர்வைக்குள்தான்.

ஜனவரி 26, ஞாயிறு

இரண்டாவது நாள் பயிற்சி. தலையணையை மேலே வைத்து அமுக்கியும் கேட்கிறது.

காலையில் ரொட்டி சாப்பிடும்போது சாச்சி, "வீட்ல எலி இருக்கு," என்றாள்.

எனக்குத் தேநீர் மூக்கில் ஏறிவிட்டது.

"எலியா?" என்றாள் உம்மா.

"சுவத்துக்குள்ள கீச்சு கீச்சுனு ஒரே ரகளை. குடும்பத்தோட வந்திருக்கும் போல."

உம்மா ஃபோனைக் கையெட்டும் தூரத்தில் பிடித்துக் கண்ணைச் சுருக்கி எதையோ படித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி போடச் சொன்னால் போட மாட்டாள். அப்படியே தலை நிமிராமல், "ஒண்ணுதான் இருக்கும்," என்றாள்.

ஜனவரி 28, செவ்வாய்

சாச்சி பொறி வாங்கி வந்து, உள்ளே காய்ந்த சுறாத் துண்டு வைத்தாள். வீடே நாறுகிறது. நேற்று எலி மறுபடி கத்தியது, ஆனால் சுறாவைத் தொடவில்லை. சாச்சிக்கு அவமானமாகிவிட்டது.

"இது சாதாரண எலி இல்ல. படிச்ச எலி."

"எந்த வகுப்புன்னு நினைக்கிறே?" என்று உம்மா கேட்டாள். சாச்சி விழுந்து விழுந்து சிரித்தாள். நான் சிரிக்க மறந்து, பிறகு தனியாகச் சிரித்தேன்.

சத்தம் குறையவே இல்லை.

ஜனவரி 31, வெள்ளி

நேற்று ஒரு சின்னக் கல்யாணம். அவர்கள் வரும்வரை ஜன்னலிலேயே நின்றேன். கார் வந்தது. உம்மா இறங்கினாள். முகத்தைப் பார்த்தேன். சாதாரணமான முகம்.

"எப்படி இருந்துச்சு உம்மா?"

"அல்வா நல்லாயிருந்துச்சு."

"கேமரா?"

"கேமரா அல்வா சாப்பிடலையே," என்றாள்.

சாகவில்லை. இன்னும் பதிமூன்று நாள். ஃபின்லாந்துக்காரர் இன்று மறுபடி எழுதியிருக்கிறார். "பன்னிரண்டு வருடம் வைத்திருப்பவர், ஃபோகஸ் பொத்தான் எங்கே இருக்கிறது என்று ரயில்காரரிடம் கேட்டதைப் பார்த்தேன். உங்களுக்கு என்ன வயது என்று கேட்கமாட்டேன். அடுத்த முறை அதைத் தூக்கப்போவது வேறு யாராவது என்றால், அவரிடம் சொல்லிவிடுங்கள்."

முகமே தெரியாத ஒருத்தருக்குக்கூடத் தெரிந்துவிட்டது.

சொன்னால் என்ன ஆகும்? வாக்கு உடைந்தது என்று ஆகும். ஆண்கள் நிற்கும் கடற்கரையில் அந்தக் கேமரா இருந்தது என்று யாருக்காவது தெரிந்தால் உம்மாவை யார் கூப்பிடுவார்கள்? சொல்லாவிட்டால் என்ன ஆகும்? 13ஆம் தேதி. உம்மு ஹமத் வீட்டு மண்டபம். உம்மா பொத்தானை அழுத்துவாள், ஒன்றும் நடக்காது.

சொன்னால் வாடகைக்காவது வேறு லென்ஸ் எடுக்கலாம். இது எனக்குத் தெரியாமல் இல்லை. வாய்தான் வரமாட்டேன் என்கிறது.

பிப்ரவரி 3, திங்கள்

தூக்கம் வராமல் பழைய கருத்துகளைப் பின்னால் பின்னால் போய்ப் படித்தேன். ஒன்பது வருடத்துக்கு முந்தைய ஒன்று. பெயர் போடவில்லை. ஆங்கிலம் என்னுடையதைவிடக் கொஞ்சம்தான் மேல், அதனால் அகராதி தேவைப்படவில்லை. எழுதி வைக்கிறேன்:

"மூன்று வருடமாக வைத்திருக்கிறேன். எவ்வளவு கூர்மை என்று எல்லாரும் எழுதுகிறீர்கள். எனக்குத் தெரியாது. வாங்கிய அன்று சுவரை எடுத்துப் பார்த்ததோடு சரி. நான் எடுக்கும் படங்களை அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும், பெரிதாக்கிப் பார்த்ததில்லை. அக்காள் கல்யாணத்துக்கு எடுத்தால் தங்கை கல்யாணத்துக்கும் கூப்பிடுகிறார்கள், அதை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறேன். இரண்டாம் வருடத்திலிருந்து இது கீச்சிடுகிறது. நான் எடுக்கும் இடத்தில் மேளமும் குலவையும் இருப்பதால் யாருக்கும் கேட்காது. எனக்கு மட்டும் கைக்குள் தெரியும். வீட்டில் அழுத்துவதில்லை. உள்ளே பறவை தூங்குகிறது என்று என் மகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நான்கு நட்சத்திரம். ஒன்று கனத்துக்காகக் குறைத்தேன்."

மூன்று முறை படித்தேன்.

நான் எழுப்பவில்லை. அது எப்போதுமே முழித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. மேளத்துக்குள் மட்டுமே வாழ்ந்த லென்ஸ் — அது கத்தும் என்று எங்கள் வீட்டில் யாருக்குமே தெரியாது. ஒருத்தியைத் தவிர.

ஒருத்தியைத் தவிர. அப்படியென்றால் அந்தச் சத்தம் என்னவென்று அவளுக்கு முதல் நாளே — "ஒண்ணுதான் இருக்கும்." "எந்த வகுப்புன்னு நினைக்கிறே?"

யா அல்லாஹ்.

பிப்ரவரி 4, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

சாச்சி வேலைக்குப் போயிருந்தாள். உம்மா சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். வாசலிலேயே நின்று, "உம்மா, எலி நான்தான்," என்றேன்.

"அப்பாடா," என்றாள், கத்தியைக் கீழே வைக்காமல். "அந்தச் சுறாவைத் தூக்கி எறியலாம் இனி. தானா வந்து ஒத்துக்கட்டும்னு எத்தனை நாளைக்குத்தான் மூக்கைப் பிடிச்சிட்டு இருக்கிறது?"

நான் அழுதேன். வெங்காயத்தால் அவளும் அழுதுகொண்டிருந்தாள், யார் எதற்கு அழுகிறோம் என்று குழப்பமாகிவிட்டது. கடற்கரையைச் சொன்னேன், சாரலைச் சொன்னேன், வாக்கைச் சொன்னேன். கடற்கரைக்கு அவள் முகம் மாறியது. கத்தி நின்றது.

"கார்டு யாருது?"

"என்னோடது."

"அதுல யாரு இருக்கா?"

"கடற்காகம் மட்டும்தான்."

"கடற்காகம் யார்கிட்டயும் போய்ச் சொல்லாது," என்றாள், நறுக்கிய வெங்காயத்தை அடுப்புச் சட்டியில் போட்டுக்கொண்டே. "ஆனா இன்னொரு தடவை கேக்காம எடுத்தே, பொறியில உன்னை வைப்பேன். கொண்டா, பாப்போம்."

மடிக்கணினியில் பெரிதாக்கிக் காட்டினேன். ஒரே கடற்காகம், திரை முழுக்க. உம்மா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டாள் — தானாகவே. இன்னும் பெரிதாக்கச் சொன்னாள். இன்னும். கண்ணைச் சுற்றிய சிவப்பு வளையம் தெரிந்தது. அலகு நுனியில் ஒரு துளி தண்ணீர், அந்தத் துளிக்குள் ஒரு படகு தலைகீழாக.

உம்மா திரையில் அந்தத் துளி மேல் விரலை வைத்தாள்.

"இவ்ளோ கூர்மையா இது?" என்றாள். என்னிடம் கேட்கவில்லை. "அப்போ எல்லாருக்கும் இப்படித்தான் குடுத்திருக்கேனா நான்?"

வெங்காயம் தீய்ந்துவிட்டது. யாரும் கவலைப்படவில்லை.

பிப்ரவரி 5, புதன்

தண்டனை: 13ஆம் தேதி நானும் வர வேண்டும், பையைத் தூக்க. வேறு லென்ஸ் வாடகைக்கு எடுக்கலாம் என்றேன். "பத்து வருஷத்துக்கு மேல கத்துனது இந்த வியாழக்கிழமையா வாயை மூடப்போவுது?" என்றாள்.

சாச்சிக்குச் சொன்னதும் பொறியைக் காட்டி, "முன்னூறு பைசா சுறாடி அது," என்று கத்தினாள். பிறகு என் கன்னத்தைக் கிள்ளி, "படிச்ச எலின்னு நான்தான் முதல்ல சொன்னேன், ஞாபகம் வச்சுக்கோங்க," என்றாள்.

பிப்ரவரி 14, வெள்ளி

நேற்று நடந்ததை முழுக்க எழுத வேண்டும். நோட்டில் பக்கம் குறைவு, சின்னதாக எழுதுகிறேன்.

சாச்சி வாசலில் ஃபோன்களை வாங்கிப் பைகளில் போட்டு எண் கட்டினாள். என் ஃபோனையும் பிடுங்கினாள். "எலிக்குத் தனி எண் கிடையாது," என்றாள். உம்மா மண்டபத்தின் கடைசியில் உட்கார்ந்தாள். நான் அவள் காலடியில். மேளக்காரப் பெண்கள் அடித்த அடியில் தரை அதிர்ந்தது. லென்ஸ் மீது விரல் வைத்துப் பார்த்தேன். உள்ளே கத்திக்கொண்டுதான் இருந்தது. கேட்கவில்லை, விரலுக்குத் தெரிந்தது.

மணப்பெண் ஸல்மா பச்சை உடுப்பில், மேடையில், மரம் மாதிரி. சிரிக்கவேயில்லை. தூரத்தில் இருந்தும் முகம் மூடியே இருந்தது. மேளக்காரப் பெண்கள் கஹ்வாக் காப்பி குடிக்க உட்கார்ந்தார்கள், ஒலிபெருக்கியில் பாட்டு ஓடியது. உம்மு ஹமத் எழுந்து போய் மகள் கழுத்தில் நகையைப் பூட்டப் போன நேரம் — மின்சாரம் போய்விட்டது. பின்பக்க ஜெனரேட்டர் விளக்குகளை மட்டும் எழுப்பியது. பாட்டு வரவில்லை. முந்நூறு பெண்கள் இருந்த மண்டபம் அப்படியே அமைதியாகிவிட்டது.

உம்மா பொத்தானை அழுத்தினாள்.

கீ...............ய்ங்.

இதுவரை கேட்டதிலேயே பெரிய சத்தம். எல்லாத் தலைகளும் எங்களைப் பார்த்துத் திரும்பின. எனக்கு நாற்காலிக்கு அடியில் போய்விடலாமா என்றிருந்தது. முன்வரிசையில் ஒரு பெரியம்மா, "யாருடி அது, கல்யாணத்துக்குக் குருவியைக் கொண்டாந்தது?" என்றாள். வாசலிலிருந்து சாச்சி, "அது எங்க வீட்டு எலி, அழைப்பிதழ் இருக்கு," என்று பதில் கொடுத்தாள்.

ஸல்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் உதடு, பிறகு தோள், பிறகு மூச்சு வாங்கும் சிரிப்பு. நகையைப் பூட்ட முடியாமல் உம்மு ஹமதும் சிரித்தாள். மண்டபமே சிரித்தது.

உம்மா அழுத்தினாள். சத்தம் இல்லை. மறுபடி அழுத்தினாள். ஒன்றுமே இல்லை.

செத்துவிட்டது. சரியாக நான்காவது வாரம்.

தானாக ஃபோகஸ் ஆகாததால் லென்ஸின் வளையத்தைக் கையால் திருப்பினாள். திருப்பிக்கொண்டே இருந்தாள். "தெரியலை," என்றாள் மெதுவாக. "ராயா, அந்த வெளிச்சத்துல எனக்குத் தெளிவா வந்துச்சா இல்லையான்னே தெரியலை." கண்ணாடி வீட்டில். மேடையில் ஸல்மா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள், ஆனால் சிரிப்பு எவ்வளவு நேரம் நிற்கும்?

உம்மா எழுந்து நின்று, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: "உம்மு ஹமத், என் கண்ணு இன்னிக்கு உதவலை. என் மக கண்ணால எடுக்கலாமா?"

பன்னிரண்டு வருட வாக்கு. அவள் இப்படி எல்லார் முன்னாலும் கேட்பாள் என்று நான் நினைக்கவேயில்லை.

உம்மு ஹமத் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "நீ பெத்த கண்ணுதானே, எடுக்கட்டும். படம் ஆடிச்சுன்னா மட்டும் ரெண்டு பேருக்கும் அல்வா கிடையாது," என்றாள்.

கேமரா என் கையில் வந்தது. உம்மா பின்னால் நின்று என் முழங்கைகளைத் தாங்கிக்கொண்டாள். வளையத்தைத் திருப்பினேன். வெறும் பச்சையாக இருந்தது. கொஞ்சம் திருப்பினேன், உடுப்பானது. இன்னும் ஒரு மயிரிழை — ஸல்மா. கண்ணோரம் சுருங்க, ஒரு பல் லேசாக வளைந்து, தன் உம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டு. அழுத்தினேன். சத்தமே இல்லாமல்.

மின்சாரம் வந்து, மேளம் தொடங்கி, எல்லாம் முடியும்வரை நான்தான் எடுத்தேன். கடைசியில் உம்மா கார்டைக் கழற்றி உம்மு ஹமத் கையில் கொடுத்தாள். என் படங்கள் எப்படி வந்தன என்று எனக்குத் தெரியாது. இனி தெரியவும் போவதில்லை. கார்டு போன கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். உம்மாவுக்கு இத்தனை வருடமும் இப்படித்தான் இருந்திருக்குமா?

காரில் கேட்டேன்: "கடல் சாரல்தானா உம்மா?"

"இருக்கலாம். வயசாயிருக்கலாம். சிரிச்சுச் சிரிச்சுச் செத்திருக்கலாம். அல்வாவைப் பிரி," என்றாள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

பழுது பார்க்கும் கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். இந்த மோட்டார் இப்போது யாரும் செய்வதில்லையாம். சாச்சிக்குக் கொண்டாட்டம். நாளை உம்மாவை இழுத்துக்கொண்டு போய் இலேசான புதுசு வாங்கப்போகிறாள். கண்ணாடியும்.

பிப்ரவரி 20, வியாழன்

புதுசு சத்தமே போடுவதில்லை. உம்மா அதைக் காதருகில் வைத்துவைத்துப் பார்க்கிறாள்.

பிப்ரவரி 23, ஞாயிறு

மாலையில் உம்மு ஹமத் கூப்பிட்டாள். பேசி முடித்த உம்மா என் அறை வாசலில் வந்து நின்றாள். பெருநாள் முடிந்து ஸல்மாவின் தங்கைக்குக் கல்யாணமாம். "அந்தப் புள்ளையையும் கூட்டிட்டு வா, அந்தக் கத்துற குழாயையும் கொண்டா, அது இல்லாட்டி எங்க வீட்ல யாரும் சிரிக்க மாட்டாங்க" என்றாளாம்.

"அது இனி கத்தாதுன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன். அப்போ புள்ளை கத்தட்டும்னு சொல்லிட்டா." கையில் அந்தப் பை இருந்தது. என் மேசை மேல், மழையளவு நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். "என் தோளுக்கு இனி இது ஆகாது. கையால திருப்பத் தெரிஞ்சவ வச்சுக்கோ."

போகும்போது நோட்டைத் தட்டி, "மழை ரொம்ப ஜாஸ்தி போல இந்த வருஷம், பின்பக்கம் வரைக்கும் எழுதுற," என்றாள்.

ஃபோனில் அந்தக் கருத்துப் பக்கத்தைத் திறந்தேன். முதலில் ஃபின்லாந்துக்காரருக்கு, "சொல்லிவிட்டேன்" என்று மட்டும் எழுதினேன். பிறகு உம்மாவுடையதைப் போலவே, பெயர் போடாமல், என் கருத்து:

"ஆட்டோஃபோகஸ் செத்துவிட்டது. கூர்மையா என்றால், கடற்காகத்தின் அலகில் நிற்கும் துளிக்குள் படகு தெரியும். மணப்பெண்ணின் படம் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது, தங்கை கல்யாணத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஐந்து நட்சத்திரம். கனத்துக்குக் குறைக்கவில்லை."

எத்தனை வருடமாக வைத்திருக்கிறீர்கள் என்ற கட்டத்தில் போன முறை போட்ட பன்னிரண்டு அப்படியே இருந்தது. அதை அழித்துவிட்டு, "இன்று மாலையிலிருந்து" என்று எழுதினேன்.